தோற்ற கதையைச் சொல்லலாமா?

அன்புள்ள ஐயா,

1962 சீனப் போர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எங்கே சறுக்கினோம், யார் தப்புச் செய்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். என் தாத்தா அந்தப் போரில் இருந்தவர். இப்போது அதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? 1967-ல் சிக்கிம் எல்லையில் நாது லா கணவாயில் சீனர்களைத் திருப்பி அடித்தோமே, அதை ஏன் எழுதவில்லை? ராணுவ வீரனின் மானம் உங்களுக்குப் பெரிதில்லையா?

எஸ்., தேனி

அன்புள்ள எஸ்.,

பெரிதுதான். அதனால்தான் எழுதினேன்.

ரெசாங் லாவை எடுத்துக்கொள்வோம். லடாக்கில் சுஷுலுக்குப் பக்கத்தில், 16,000 அடிக்கு மேலே இருக்கும் கணவாய். 1962 நவம்பர் 18 விடிகாலையில் அங்கே குமாவுன் படைப்பிரிவின் 13-வது பட்டாலியனைச் சேர்ந்த ஒரே ஒரு கம்பெனி நின்றது. மேஜர் சைத்தான் சிங்கின் தலைமையில் சுமார் 120 பேர். பெரும்பாலும் ரேவாரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், சமவெளியில் வளர்ந்தவர்கள். கையில் இருந்தது ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துவிட்டுச் சுட வேண்டிய பழைய .303 துப்பாக்கி. குறுக்கே ஒரு மலைமுகடு இருந்ததால் நம் பீரங்கிகளால் அவர்களுக்குக் கைகொடுக்க முடியவில்லை. 110 பேருக்கு மேல் அங்கேயே செத்தார்கள்.

தப்பி வந்த சிலர் நடந்ததைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. கடைசி ஆள் வரை நின்றார்களா, அப்புறம் நீ எப்படி வந்தாய் என்று கேட்டார்கள். சொந்த ஊரிலேயே சிலரை ஓடி வந்தவன் என்று ஒதுக்கி வைத்தார்கள். 1963 பிப்ரவரியில் உடல்களைத் தேடி ஆட்கள் மேலே போனார்கள். பதுங்குகுழிகளில் உறைந்து கிடந்தவர்களின் கையில் துப்பாக்கி அப்படியே இருந்தது. மருத்துவ உதவியாளரின் கையில் ஊசி இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நாடு நம்பியது.

தோல்வியில் அடிபட்ட தேசத்துக்கு, தன் வீரர்கள் உயிரோடு வந்து சொன்னது காதில் விழவில்லை. தோல்வியைப் பேசாமல் மூடி வைத்தால் மூடுகிறவன் காப்பாற்றுவது வீரனின் மானத்தை இல்லை. அவனை அங்கே அப்படி நிறுத்தியவர்களைத்தான். வடகிழக்கு எல்லையில் நாம்கா சூ ஆற்றங்கரையில் 7-வது பிரிகேடின் வீரர்கள் பருத்திச் சட்டையோடும் ஆளுக்கு 50 தோட்டாவோடும் நின்றார்கள். அவர்களுக்கு மேலே இருந்த கோர் கமாண்டர், அதாவது அந்தப் பகுதிப் படை முழுக்கும் தலைவரான ஜெனரல் கௌல், உடம்பு சரியில்லை என்று டெல்லிக்குப் போய்ப் படுக்கையிலிருந்து உத்தரவு போட்டார். இந்த இரண்டு தரப்பையும் ஒரே போர்வையால் மூடச் சொல்கிறீர்களா? தோல்வியை ஆராய்ந்து ராணுவ அதிகாரிகள் ஹெண்டர்சன் புரூக்ஸும் பகத்தும் 1963-ல் கொடுத்த அறிக்கையை அரசாங்கம் இன்றுவரை வெளியிடவில்லை. எனக்கு அவமானமாக இருப்பது அதுதான்.

நாது லாவுக்கு வருகிறேன். 1967 செப்டம்பர் 11 அன்று எல்லையில் கம்பிவேலி போட்டுக்கொண்டிருந்த நம் ஆட்களைச் சீனர்கள் சுட்டார்கள். திறந்த வெளியில் நின்றவர்கள் கொத்தாக விழுந்தார்கள். மேஜர் ஜெனரல் சகத் சிங் பீரங்கிகளைத் திறந்துவிட்டார். அதன் பிறகு சீனர்கள் வாங்கியது பலத்த அடிதான், நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த ஐந்து வருடத்தில் மலைப்போருக்கென்றே டிவிஷன்கள் எழுப்பப்பட்டன, குளிருக்கு உடுப்பு வந்தது, ஆயுதம் மாறியது. தோற்றோம் என்று ராணுவத்துக்குள்ளாவது யாரோ ஒப்புக்கொண்டதால் வந்தவை இவை. 1962-ஐ மறைத்துவிட்டு 1967-ஐ மட்டும் எப்படி எழுதுவது?

மானம் போன கோபம் எங்கே போய் விழுந்தது என்பதையும் எழுதியாக வேண்டும். அசாமில் மாக்கும் என்ற ஊரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் சீன வம்சாவளிக் குடும்பங்களை ரயிலேற்றி ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். சுமார் 3,000 பேர். தச்சர்கள், கடைக்காரர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். பலர் இங்கேயே பிறந்தவர்கள். சிலர் வெளியே வர நான்கு வருடத்துக்கு மேல் ஆனது. போர் நடந்ததோ ஒரே மாதம்.

என் பாட்டி யுத்த நிதிக்குத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். அப்போது ஊரே கொடுத்தது. தனிநாடு கேட்டுக்கொண்டிருந்த திமுககூட அந்தப் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு அரசாங்கத்தோடு நின்ற நேரம் அது. மறுபடி தோடு வாங்க வீட்டில் வசதி வரவில்லை. காது தூர்ந்துவிடக் கூடாது என்று பாட்டி ஈர்க்குச்சியைச் செருகி வைத்திருப்பார். சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கொடுத்ததற்காக ஒருநாளும் அவர் வருத்தப்படவில்லை. “அந்தப் பிள்ளைகளுக்குக் கம்பளி போய்ச் சேர்ந்துச்சா?” என்று மட்டும் கேட்பார். வீட்டில் யாருக்கும் பதில் தெரியாது.

உங்கள் தாத்தா எங்கே நின்றார், எந்தப் படைப்பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை. இருக்கிறாரென்றால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவருக்கு என்ன உடுப்புக் கொடுத்தார்கள், எத்தனை தோட்டா, திரும்பி வந்தபோது ஊர் என்ன சொன்னது என்று. அவர் சொல்கிறபடியே எழுதி அனுப்புங்கள். ஒரு வரியும் மாற்றாமல் இங்கே போடுகிறேன்.