ஹாங்காங் போராட்டமும் பார்சிலோனா போராட்டமும் ஒரே மாதிரி இருந்தது ஏன்?

சம்பந்தமே இல்லாத நாடுகளின் போராட்டங்கள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றனவே, பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். 2019-ஐப் பார்த்தால் அவ்வளவு பெரிய மர்மம் எதுவும் தேவையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஆகஸ்டில் ஹாங்காங்கில், கைதிகளைச் சீனாவுக்கு ஒப்படைக்க வழிசெய்யும் சட்ட வரைவை எதிர்த்துக் கிளம்பியவர்கள் விமான நிலையத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள், விமானங்கள் நின்றன. அக்டோபர் 14 அன்று ஸ்பெயின் உச்ச நீதிமன்றம், பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட கட்டலோனியா பகுதிக்குத் தனி நாடு கேட்ட தலைவர்கள் 9 பேருக்கு 9 முதல் 13 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கொடுத்தது. உடனே டெலிகிராமில் தகவல் பறந்து, பார்சிலோனா விமான நிலையத்தை ஜனம் சூழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. அழைத்தது 'சுனாமி டெமாக்ராட்டிக்', யார் நடத்துகிறார்கள் என்றே வெளியே தெரியாத அமைப்பு.

ஹாங்காங் காணொளிகளில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கண்ணீர்ப் புகைக் குண்டு வந்து விழுகிறது. ஒருவர் ஓடிப்போய், சாலையில் வைக்கிற ஆரஞ்சு நிறக் கூம்பை அதன் மேல் கவிழ்க்கிறார். இன்னொருவர் கூம்பின் உச்சி ஓட்டை வழியே தண்ணீர் ஊற்றுகிறார். புகை அடங்கிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள ஹாங்காங்கில் பேசும் காண்டனீஸ் மொழி தெரிய வேண்டியதில்லை. அடுத்த வருடம் அமெரிக்காவின் போர்ட்லண்டிலும் அதே கூம்பு, அதே தண்ணீர். போராட்டத்தின் காரணத்தை வெளியூர்க்காரனுக்கு விளக்க அரை நாள் ஆகும். கூம்பைக் கவிழ்ப்பதற்கு அரை நிமிடக் காணொளி போதும்.

சரி, பார்த்ததையெல்லாம் எல்லோரும் செய்துவிடுவதில்லையே? ஹாங்காங்கில் ஜனநாயகத் தேர்தல் கேட்டு நடந்த 2014 குடைப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் சிலர் 2019 ஏப்ரலில்தான் சிறைக்குப் போனார்கள். கட்டலோனியத் தலைவர்களும் உள்ளே. முகம் காட்டினால் ஜெயில் என்று இரண்டு ஊரும் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தன. தலைவர் இல்லாத டெலிகிராம் முறை அங்கே சட்டென்று ஒட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்பேன்.

அரசுகளின் பதிலடியும் இதே லட்சணம்தான், அதை யாரும் பேசுவதில்லை. அதே அக்டோபரில், போலீஸ் நிற்கும் இடங்களைக் காட்டிய ஹாங்காங் வரைபடச் செயலியை ஆப்பிள் நீக்கியது. ஸ்பெயின் காவல்துறை கேட்டுக்கொண்டதால் சுனாமி டெமாக்ராட்டிக்கின் செயலியை, மென்பொருள்களைப் பகிரும் தளமான கிட்ஹப் எடுத்துவிட்டது.

ஒற்றுமை அந்த அளவோடு சரி. கேட்டது வேறு, எதிரே நின்ற அரசும் வேறு. 2020-இல் ஹாங்காங்குக்கு, எதிர்ப்பை ஒடுக்கச் சீனா கொண்டுவந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த 9 பேருக்கும் 2021 ஜூனில் ஸ்பெயின் மன்னிப்பு வழங்கியது.