'ஃபின்னகன்ஸ் வேக்': சொற்களை உடைத்துப் பார்க்கலாம் – கேள்வி பதில்

கேள்வி: 1939இல் வந்த ஜேம்ஸ் ஜாய்சின் இந்த நாவலைப் படிக்க எத்தனை மொழி தெரிய வேண்டும்?

பதில்: ஆங்கிலம் போதும். மற்றவற்றுக்கு அகராதி இருக்கிறது.

கேள்வி: ஒரு சொல்லையாவது பிரித்துக் காட்டுங்களேன்.

பதில்: முதல் பக்கத்திலேயே 'துவார்ட்பீட்ரிக்' என்று ஒன்று வருகிறது. வேகமாகச் சொன்னால் 'தவ் ஆர்ட் பீட்டர்': 'நீ பேதுரு' என்று இயேசு சொன்னது. அதுவே ஒரு சிலேடைதான். பேதுரு என்றால் பாறை, அந்தப் பாறைமேல் சபையைக் கட்டுவேன் என்கிறார். இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள், அயர்லாந்தில் கிறித்துவத்தைப் பரப்பிய புனித பேட்ரிக் கேட்கும். 'பீட் ரிக்' என்று பிரித்தால், அங்கே அடுப்பெரிக்க வெட்டிக் காயவைத்து அடுக்கும் சதுப்புக்கரியின் குவியல். இதற்கு முன்னால் நிற்பவை 'மிஷெ மிஷெ', 'தௌஃப்தௌஃப்'. முதலாவது ஐரிஷ்: நான், நான். அடுத்தது ஜெர்மன்: ஞானஸ்நானம் கொடு. நெருப்பிலிருந்து குரல் எழுவதாக வேறு எழுதியிருப்பதால் எரியும் புதர்முன் மோசேயும் வந்துவிடுகிறார். ஒரு நாடு மதம் மாறிய கதை அரை வரியில் முடிந்தது! இதில் பலவற்றுக்கு, தம்மை ஆதரித்த ஹாரியட் ஷா வீவருக்கு 1926இல் எழுதிய கடிதத்தில் ஜாய்சே விளக்கம் தந்திருக்கிறார்.

கேள்வி: காளமேகம் செய்ததும் இதுதானே?

பதில்: பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை பாடியபோது காளமேகம் தமிழுக்கு வெளியே போகவில்லை. கேட்பவர் இரு பொருளையும் முழுதாகப் பிடித்துக்கொள்ளலாம். ஜாய்ஸ் பல மொழிகளை உருக்கி அகராதியில் இல்லாத சொல்லை வார்க்கிறார். எதுவும் முழுதாகக் கையில் நிற்காது. எனக்குக் காளமேகம்தான் அதிகம் பிடிக்கும், அது வேறு விஷயம்.

கேள்வி: நாயகி அன்னா லிவியா. அன்னா என்பது நம் அன்னைதானே?

பதில்: இல்லை. டப்ளின் நகரில் ஓடுவது லிஃபி ஆறு. ஆறு என்பதற்கான ஐரிஷ் சொல்தான் ஆங்கிலக் காதில் 'அன்னா' ஆயிற்று. 'அன்னா லிஃபி' ஜாய்சுக்கு முன்பே வழங்கிய பெயர். ஒலி ஒத்தால் உறவாகிவிடாது.

கேள்வி: அன்னை பற்றிக் கேட்டவன்தான். அவள் அத்தியாயத்தில் நூற்றுக்கணக்கான ஆற்றுப் பெயர்களைப் புதைத்தவருக்குத் தமிழ் மட்டும் தெரியாமலா போகும்?

பதில்: ஆற்றுப் பெயரை எடுக்க நிலப்பட நூல் போதும் ஐயா, மொழி தெரிய வேண்டியதில்லை. அவருடைய குறிப்பேடுகள் பஃபலோ பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவற்றில் 'அன்னை'யைக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: முதல் பக்கத்து நூறெழுத்துச் சொல்லில் நம் 'இடி' இருக்கிறதாமே?

பதில்: மறுபடியுமா! ஜப்பானியக் 'கமினாரி', கிரேக்க 'ப்ரொண்டே', பிரெஞ்சு 'டொனேர்' என்று இடியைக் குறிக்கும் பல மொழிச் சொற்களின் கோவை அது. நூறு எழுத்திலும் ஆங்கில 'ஐ' ஒரே முறைதான் வருகிறது, அதுவும் கமினாரியில். 'இடி'க்கு இரண்டு வேண்டும். எண்ணிப் பார்க்காமல் எழுதாதீர்கள். நாவலில் இப்படி 10 இடிகள். கடைசியில் மட்டும் 101 எழுத்து. மொத்தம் 1001, அரபு இரவுகளின் கணக்கு.

கேள்வி: புரோட்டான், நியூட்ரான்களுக்குள் இருக்கும் நுண்துகளான 'குவார்க்'கின் பெயர் இதிலிருந்து வந்ததா?

பதில்: பாதி. அந்தப் பெயரை இட்ட இயற்பியலாளர் மர்ரி கெல்-மான் மனத்தில் ஒலி முதலிலேயே இருந்தது. எழுத்துக்கூட்டல் இந்நாவலின் 383ஆம் பக்கத்தில் கிடைத்தது. அங்கே கடற்பறவைகள் டிரிஸ்டன் காதல்கதையில் வரும் மார்க் மன்னனைக் கேலி செய்து பாடுகின்றன.

கேள்வி: மார்க் என்றால் மார்க்கண்டேயனா?

பதில்: இல்லை.