பாட்டுத் திரும்பி வந்தால்

திருகோணமலையில் நெடுநாளாகப் பாட்டு எழுதிவரும் ஒரு அக்காவிடம், புதிதாக எழுதுகிறவர்கள் கேட்டவை.

மூன்று இசைக்குழுக்களுக்கு வரிகள் அனுப்பினேன் அக்கா. ஒரு பதிலும் இல்லை. விட்டுவிடட்டா? (உவர்மலைத் தம்பி)

விட வேண்டாம் தம்பி. வெறும் வரிகளைப் பார்த்து மெட்டு மனதில் ஓடுவது எல்லோருக்கும் வராது. போனில் நீங்களே பாடிப் பதிந்து அனுப்புங்கள். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, தாளம் விளங்கினால் போதும். ஒரு மாதம் பாருங்கள், அப்புறம் வேறு ஆளிடம் கொடுங்கள்.

“பாட வராது” என்று என் பாட்டைத் திருப்பித் தந்துவிட்டார்கள். மனசு விட்டுப்போச்சு. (உப்புவெளித் தங்கச்சி)

எனக்கும் அது நடந்தது. பல்லவியில் உச்சத்துக்குப் போய் நீட்டுகிற இடத்தில் ‘கிழக்கு’ என்று எழுதியிருந்தேன். கடைசியில் நிற்பது குற்றியலுகரம், அதை எப்படி நீட்டுவது? பாடகி மூன்று தரம் பாடிப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடிவிட்டா. அன்றிரவு நன்றாக அழுதேன். விடிந்ததும் ‘கிழக்கிலே’ என்று மாற்றினேன், ஏகாரம் தானாக நீண்டது. சம்பந்தர் கோணேசருக்குப் பாடிய பதிகத்தைப் பாருங்கள். பாட்டுக்குப் பாட்டு ‘கோணமாமலை அமர்ந்தாரே’ என்று வந்து நிற்கும். ஏழாம் நூற்றாண்டுப் பாட்டு, இன்றும் ஓதுகிறவருக்கு அந்த இடத்தில் மூச்சு விட வசதி இருக்கிறது. ஆகவே தங்கச்சி, எந்த இடத்தில் தடக்கியது என்று அவர்களிடமே கேளுங்கள். பெரும்பாலும் ஒரு சொல்லில்தான் இருக்கும்.

அனுப்பினால் களவெடுத்துவிடுவார்களோ?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவுடனேயே உரிமை உங்களுடையது. பதிவு செய்யத் தேவையில்லை. திகதி தெரிகிற மாதிரி ஒரு பிரதி வைத்திருங்கள்.

மேடையும் இல்லை, வானொலியும் இல்லை. யாருக்காக எழுதுவது? (நிலாவெளியிலிருந்து ஒரு ஆசிரியை)

டீச்சர், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு தாலாட்டு எழுதிக் கொடுத்தேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு, சரணமும் ஏழு. கிணற்றுக்குக் கிணறு சூடு கொஞ்சம் மாறும், அதையே வைத்து எழுதினேன். தாய் இரவில் மெதுவாகப் பாடுவா, எங்கள் குசினி யன்னலால் கேட்கும். நான்காவது கிணற்றோடு சத்தம் நின்றுவிடும். பிள்ளை தூங்கிவிட்டது என்று அர்த்தம். ஏழாவது சரணத்தை அது இன்னும் கேட்டதில்லை. நான் அந்த யன்னலைப் பூட்டுவதே இல்லை.