மடக்கென்று சத்தம் கேட்டால் நிறுத்தலாமா?

கேள்வி: திடீரென்று சரிந்து விழுந்தவர் தட்டினாலும் விழிக்கவில்லை, ஆனால் இடையிடையே மூச்சை இழுக்கிறார். அப்போது சி.பி.ஆர். (இதயம் நின்றவரின் நெஞ்சை விடாமல் அழுத்தும் முதலுதவி) செய்யக்கூடாதுதானே?

பதில்: செய்யத்தான் வேண்டும். பலரும் ஏமாறுவது இங்கேதான். இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் மூளைத்தண்டு இப்படி இழுக்க வைக்கும். தரையில் விழுந்த மீன்போல வாய் திறந்து மூடும், குறட்டைபோலச் சத்தம் வரும், நெஞ்சு மட்டும் சீராக ஏறி இறங்காது. விழுந்தவுடன் கைகால் வெட்டுவதும் உண்டு. அதை வலிப்பென்று நினைத்துக் காத்திருப்பார்கள். நாடி பார்க்க வேண்டாம். பதற்றத்தில் தன் விரலின் துடிப்பையே அவருடையதாக நினைத்துக்கொள்வோம். கூப்பிட்டும் அசைவில்லை, 10 விநாடிக்குள் இயல்பான மூச்சும் தெரியவில்லை என்றால் ஆம்புலன்சை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அழுத்தத் தொடங்குங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் ஏ.இ.டி. கருவியை (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுப்பது) எடுத்துவர அனுப்புங்கள்.

கேள்வி: அழுத்தும்போது 'மடக்' என்று சத்தம் கேட்டால்?

பதில்: விலா முறிந்திருக்கலாம், குருத்தெலும்பு விட்டுப்போயிருக்கலாம். சரியாக அழுத்தினாலும் இது நேரும், வயதானவர்களுக்கு இன்னும் சுலபமாக. நிறுத்தாதீர்கள், கை இடம் மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், நட்டநடுவில் இருக்க வேண்டும். இதயம் இடப்பக்கம் என்று கையை அங்கே நகர்த்த வேண்டாம். மறு கையை அதன்மேல் வைத்து விரல்களைக் கோத்துச் சற்றுத் தூக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாரம் விலாவுக்குப் போய்விடும்.

முறிவைவிட மோசம், பயந்து பயந்து அமுக்குவது. பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழமாவது இறங்க வேண்டும். 6-ஐத் தாண்ட வேண்டாம். அருகில் மண்டியிட்டு, முழங்கையை மடக்காமல், தோள்கள் கைக்கு நேர் மேலே வரும்படி உடல் பாரத்தை இறக்குங்கள். வெறும் கைபலம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆள் மெத்தையில் கிடந்தால் தரைக்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் பாதி அமுங்குவது மெத்தைதான். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. வாய்விட்டு எண்ணினால் தப்பாது.

களைத்ததும் நம்மை அறியாமல் அவர் நெஞ்சின் மேலேயே சாய்ந்துகொள்வோம். ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்பினால்தான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். நிரம்பாத இதயத்தை அமுக்கி என்ன வரும்? அதனால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். மாறும் இடைவெளி சில விநாடிதான் இருக்க வேண்டும். பல அழுத்தல்களில் மெல்ல ஏறிய ரத்த அழுத்தம், கையை எடுத்ததும் மளமளவென்று சரியும். ஏ.இ.டி. வந்துவிட்டாலும் ஒருவர் அதன் பட்டைகளை நெஞ்சில் ஒட்டட்டும், மற்றவர் அழுத்திக்கொண்டே இருக்கட்டும். "விலகுங்கள்" என்று கருவி சொல்லும்போதுதான் கையை எடுக்க வேண்டும்.

கேள்வி: வாயோடு வாய் வைத்து ஊதியே ஆக வேண்டுமா?

பதில்: திடீரென்று விழுந்த பெரியவருக்கு அவசியமில்லை, முதல் சில நிமிடங்களுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைக்கும் அது ஏற்கெனவே தீர்ந்திருக்கும். அவர்களுக்கு 30 அழுத்தலுக்கு 2 முறை, நெஞ்சு எழும்பும் அளவுக்கு ஊதுங்கள். ஊதத் தெரியாவிட்டால் அழுத்தலையாவது விடாதீர்கள்.