பக்கக் கண்ணாடியா, கேமராவா?

கேள்வி: காற்றுத்தடை குறைவாக இருக்கும்படி வடிவமைக்கப்பட்ட மின்சார கார் ஒன்றை வாங்கவிருக்கிறேன். பக்கக் கண்ணாடிகளுக்குப் பதிலாகக் கேமராக்களும் உட்புறத் திரைகளும் கூடுதல் விலைக்குக் கிடைக்கின்றன. ஒரு முறை சார்ஜ் செய்தால் ஓடும் தூரம் இதனால் கூடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கூடும் என்பது உண்மை, கொடுக்கும் விலைக்கு ஈடாகக் கூடுமா என்பதுதான் ஐயம். ஆடி இ-ட்ரான் காரின் காற்றுத்தடைக் கெழு (காற்றை எவ்வளவு எளிதாகக் கிழித்துச் செல்கிறது என்பதன் அளவு; குறைவாக இருந்தால் நல்லது) வழக்கமான கண்ணாடிகளுடன் 0.28, கேமராக்களுடன் 0.27. கண்ணாடியே இல்லாமல் கேமராக்களுடன் மட்டும் 2020-இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா இ காரில், காற்றுத்தடையில் வண்டி முழுவதற்குமாகக் கிடைத்த மேம்பாடு சுமார் 3.8 சதவீதம் என்று அதன் தயாரிப்பாளர்களே கூறினார்கள். காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக விரைந்து செல்பவருக்கு இந்த மிச்சம் ஓரளவு தெரியவரும்; நகருக்குள் நின்று நின்று ஓட்டுபவர் அதை உணரவே மாட்டார். அவருக்கு டயர்களில் காற்றைச் சரியாக வைத்திருப்பதே செலவில்லாத வழி.

ஆகவே தூரக் கணக்கை ஒதுக்கிவிட்டு, திரை எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இ-ட்ரானில் அது கதவில், சன்னல் விளிம்புக்குக் கீழே இருப்பதால், பழக்கத்தின் காரணமாக முதலில் வெளியே கேமராவை நோக்கிப் போகும் கண் பிறகே கீழே இறங்குகிறது. ஹோண்டா இ-யில் முகப்புப் பலகையின் இரு ஓரங்களிலும், 2018-இல் ஜப்பானில் வெளிவந்த லெக்சஸ் இஎஸ்-இல் முன்தூண்களின் (முன்கண்ணாடியின் இரு பக்கமும் கூரையைத் தாங்கும் தூண்கள்) அடியிலும் திரைகள் இருக்கின்றன. என் கணிப்பில் இவையே பொருத்தமான இடங்கள். இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணாடியைப் பார்க்கும்போது கண் அதன் பரப்பில் அன்றி, அதற்கு அப்பால் தோன்றும் பிம்பத்தில் குவிகிறது. திரையிலோ, கைக்கெட்டும் தொலைவிலுள்ள பரப்பிலேயே குவிந்தாக வேண்டும். வெள்ளெழுத்து உள்ளவர்களுக்கு இது தொல்லை. கண்ணாடியில் தலையைச் சற்று முன்னே நகர்த்தினால் மறைந்திருந்த பகுதி தென்படும். கேமராக் காட்சியில் அப்படி எதுவும் மாறாது.

மழையில் சன்னல் கண்ணாடி நனைந்து மங்கினாலும் திரை தெளிவாகத் தெரியும் என்பதும், இரவில் பின்வரும் வண்டிகளின் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்யாது என்பதும் கேமராவின் உண்மையான நன்மைகள். எனவே பகலில் ஒரு முறை ஓட்டிப் பார்த்ததோடு நிறுத்தாமல், இருட்டிய பிறகும் ஓட்டிப் பார்த்து, பின்வரும் வண்டி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று உங்களால் மதிப்பிட முடிகிறதா என்று சோதியுங்கள். மதிப்பிட முடியாவிட்டால் பக்கக் கண்ணாடி உள்ள காரையே கேளுங்கள். பின்னாளில் வெளியிலிருந்து கேமரா வாங்கிப் பொருத்தி, கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். ஐ.நா.வின் 46-ஆம் வாகன விதி 2016-இல் திருத்தப்பட்ட பிறகே கண்ணாடிக்கு மாற்றாகக் கேமரா ஏற்கப்பட்டது. அதுவும் அதற்கென வகுத்த தரத்துக்கு உட்பட்டுத்தான்.

கேள்வி: சில கார்களில் பக்கக் கண்ணாடி சன்னலின் முன்மூலையில் இருக்கிறது, சிலவற்றில் கதவின் மேல் தனிக் காம்பில் நிற்கிறது. எது நல்லது?

பதில்: காம்பில் நிற்பது. முன்தூணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி கிடைப்பதால், திருப்பங்களில் நடந்து செல்பவர் மறைந்துபோகும் வாய்ப்புக் குறைகிறது.

கேள்வி: கூரை பின்னோக்கிச் சரிந்திறங்கும் என் காரில் பின்புறக் கேமரா அடிக்கடி அழுக்கடைகிறது. இது குறைபாடா?

பதில்: குறைபாடு அன்று. ஓடும் வண்டிக்குப் பின்னால் உருவாகும் தாழ்ந்த அழுத்தப் பகுதி, சக்கரங்கள் எறியும் சேற்றுநீரைச் சுழற்றி வண்டியின் பின்பக்கத்திலேயே கொண்டுவந்து ஒட்டுகிறது. இத்தகைய கார்களில் பின்கண்ணாடி வழியே தெரியும் காட்சியும் குறுகியது என்பதால், அடுத்த கார் வாங்கும்போது, ஃபோல்க்ஸ்வாகன் கோல்ஃபில் உள்ளதுபோல், தேவைப்படும் நேரத்தில் மட்டும் நிறுவனச் சின்னத்துக்கு அடியிலிருந்து வெளிவரும் கேமராவோ, வில்லையைக் கழுவும் நீர்த்தாரையோ இருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை மென்துணி ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.