வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால்

கேள்வி: எனக்கு மூன்று பிள்ளைகள். எட்டு மாதக் கைக்குழந்தை சில இரவுகளில் வீறிட்டு அழுகிறாள். பசியா வலியா என்று தெரிவதில்லை. உரம் விழுந்திருக்கிறது என்கிறார் மாமியார். நான்கு வயதுப் பெண் எதற்கெடுத்தாலும் வயிறு வலிக்கிறது என்கிறாள். பன்னிரண்டு வயது மகனோ அடிபட்டாலும் வாய் திறப்பதில்லை. யாருக்கு எவ்வளவு வலி என்று எப்படி அறிவது? மருந்து எவ்வளவு கொடுக்கலாம்? சின்னவளுக்கு அடுத்த மாதம் தடுப்பூசி வேறு இருக்கிறது. அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.
வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மூவரில் யாருடைய வலியையும் 'சும்மா சொல்கிறது' என்று எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடாதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. மருத்துவ உலகமே இதை வெகு தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது. பச்சிளம் குழந்தைக்கு நரம்புகள் முதிர்ந்திருக்காது, ஆகவே வலி தெரியாது என்ற நம்பிக்கையில், 1980-கள் வரை பல நாடுகளில் குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்கி இல்லாமலே அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்த கே.ஜே.எஸ். ஆனந்தும் அவருடைய குழுவினரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு, ஃபென்டனில் என்ற வலிநீக்கியும் சேர்த்துப் பெற்ற குறைமாதக் குழந்தைகளின் உடல் அறுவையின் அதிர்ச்சியை எவ்வளவோ குறைவாக உணர்ந்ததையும், பின்னர் அவர்கள் நன்றாகத் தேறியதையும் காட்டிய பிறகே இந்த வழக்கம் மாறத் தொடங்கியது.

பேசத் தெரியாத குழந்தையின் வலியை அதன் உடலில்தான் படிக்க வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான ஓர் அளவுகோல், முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறும் தன்மை ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் இடுகிறது. முகம் இயல்பாக இருந்தால் 0. அவ்வப்போது சுளித்தால் 1. தாடை இறுகி முகவாய் அடிக்கடி நடுங்கினால் 2. கால்கள் தளர்ந்து கிடந்தால் 0. நிலைகொள்ளாமல் இருந்தால் 1. உதைத்தாலோ வயிற்றோடு மடக்கிக்கொண்டாலோ 2. உடல் வில்லாக வளைவது, விடாமல் வீறிடுவது, என்ன செய்தும் அடங்காதது ஆகியவற்றுக்கும் இவ்வாறே 2. மொத்தம் மூன்று வரை லேசான வலி, நான்கு முதல் ஆறு வரை நடுத்தரம், ஏழும் அதற்கு மேலும் கடுமை.

வீட்டில் உங்களுக்கு அதிகம் கைகொடுப்பது, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தாவது அம்சம்தான். பால் கொடுத்தும் தோளில் போட்டுத் தட்டியும் அடங்கவில்லை என்றால், விளக்கைப் போட்டு உடுப்பு முழுவதையும் கழற்றிப் பாருங்கள்: தொடை இடுக்கில் வீக்கம், காதில் சீழ், கால் விரலைச் சுற்றி இறுகிய தலைமுடி ஒன்று (இதைப் பலர் கவனிப்பதே இல்லை). சில நிமிடங்கள் காலை மடக்கி வீறிட்டு, பிறகு துவண்டு கிடந்து, மீண்டும் வீறிட்டால், கூடவே வாந்தியோ மலத்தில் ரத்தமும் சளியுமோ தெரிந்தால், குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாமியாரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் உரம் எடுக்கிறோம் என்று துணியில் போட்டு உருட்டுவதும், குலுக்குவதும், தலைகீழாகப் பிடிப்பதும் வேண்டாம். அந்த அதிர்ச்சியைக் குழந்தையின் கழுத்தும் மூளையும் தாங்காது.

நான்கு வயதில் பிள்ளையே சொல்லத் தொடங்குகிறது. இந்த வயது முதல் ஆறு முகங்கள் வரைந்த அட்டையைக் காட்டி, உன் வலி எந்த முகம் மாதிரி இருக்கிறது என்று கேட்போம். 2001-இல் திருத்தப்பட்ட அட்டையில் முதல் முகத்தில் சிரிப்பும் இல்லை, கடைசி முகத்தில் கண்ணீரும் இல்லை. பிள்ளை தன் சந்தோஷத்தையோ துக்கத்தையோ சொல்லாமல் வலியை மட்டும் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அப்படி வரைந்தார்கள். முகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியவள் அவள்தான், நீங்கள் அல்ல. இந்த வயதில் தொண்டை வலியும், சிறுநீர்க் கடுப்பும், மலச்சிக்கலும், பள்ளிக்கூடப் பயமும்கூட 'வயிறு வலி' என்றே வெளிவரும். ஒரு விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பயத்தால் வரும் வயிற்று வலியும் உண்மையான வலிதான். 'பொய் சொன்னால் டாக்டரிடம் சொல்லி ஊசி போட்டுவிடுவேன்' என்று மட்டும் மிரட்டாதீர்கள். வலியே ஒரு தண்டனை என்று நம்பும் வயது இது, அடுத்த முறை அவள் மறைத்துவிடுவாள்.

எனக்கு அதிகக் கவலை உங்கள் மகனைப் பற்றித்தான். ஏறத்தாழ எட்டு வயதுக்கு மேல், வலியே இல்லாததை 0 என்றும் தாங்கவே முடியாததை 10 என்றும் வைத்து எண் சொல்லச் சொல்லலாம். ஆனால் தங்கைகளின் முன்னால் கேட்டால் உண்மை வராது, தனியாகக் கேளுங்கள். இந்த வயதுப் பையன்கள் விரையில் திடீரென்று வரும் வலியைக் கூச்சத்தால் அடிவயிற்று வலி என்று சொல்வதுண்டு. விரை முறுக்கிக்கொண்டிருந்தால் சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். அப்படி ஒரு வலி வந்தால் நடுராத்திரியானாலும் எழுப்பிச் சொல்ல வேண்டும் என்று அவனிடம் இன்றே, அவன் தந்தையோ மாமாவோ வெளிப்படையாகப் பேசட்டும். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகரும் வலியும், நடக்கவும் குதிக்கவும் முடியாத வலியும் குடல்வால் அழற்சியாக இருக்கக்கூடும். அதற்கும் அன்றே மருத்துவமனை.

மருந்தைப் பொறுத்தவரை வீட்டில் பாராசிட்டமால் ஒன்று போதும். வயதைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள்: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். ஆபத்து பெரும்பாலும் பாட்டிலில் இருக்கிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் உண்டு. சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 250. சின்னவள் எட்டுக் கிலோ எடை இருந்தால் அவளுக்குச் சொட்டு மருந்து ஒரு மில்லி போதும். சிரப் என்று நினைத்து அதையே ஐந்து மில்லி ஊற்றினால் ஐந்து மடங்காகிவிடும். லேபிளைப் படித்து, சமையலறைக் கரண்டியை விட்டுவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வலியை மறுபடி அளந்து பாருங்கள். டெங்கு பரவும் நம் ஊரில் காய்ச்சலோடு வரும் வலிக்கு ஐபுபுரூஃபனை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது, ரத்தக்கசிவு அதிகமாகலாம். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். நிமிசுலைடு 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2011 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. மருந்துக்கடையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் பயப்பட வேண்டாம். ஊசி போடும் முன்பே பால் கொடுக்கத் தொடங்கி, போடும்போதும் பிறகும் நிறுத்தாமல் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்த வழிகளில் இதுவும் ஒன்று. படுக்க வைத்து அமுக்கிப் பிடிக்காமல் உங்கள் மடியிலேயே அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஊசிகள் இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியாகப் போடும்படி செவிலியரிடம் கேளுங்கள். முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுக்கத் தேவையில்லை. பிறகு காய்ச்சலோ வலியோ வந்தால் மேலே சொன்ன அளவிலேயே கொடுக்கலாம்.