கணினி திறக்க ஆறு நிமிடமா? 120 வெள்ளியை எடுக்குமுன் இதைப் பாருங்கள்

சிங்கப்பூர் ஈசூன் வாசகி ஒருவர் கேட்கிறார்: "மடிக்கணினியைத் திறந்தால் வேலைக்குத் தயாராக ஆறு நிமிடம் ஆகிறது. கடையில் சர்வீஸுக்கு 120 வெள்ளி கேட்கிறார்கள். கொடுக்கலாமா?"

இப்போதைக்கு வேண்டாம், அம்மா. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். விண்டோஸ் 10 என்றால் வெறும் 'ஸ்டார்ட்அப்'. கணினி எழுந்ததும் தானாக ஓடத் தொடங்குபவை எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். 'ஹை' என்று போட்டிருப்பவைதான் அதிக நேரம் தின்பவை. பாட்டு, விளையாட்டு, வீடியோ அழைப்புச் செயலிகள்மேல் வலது கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுங்கள். எதுவும் அழியாது, வேண்டும்போது நீங்களே திறக்கலாம். பெயர் புரியாததைத் தொடாதீர்கள்.

பாட்டுச் செயலிக்குக் காலையில் நமக்கு முன்பே எழ என்ன அவசரம்? நிறுவும்போது நம்மிடம் தெளிவாக ஒரு வார்த்தை கேட்பதில்லை. புதுக் கணினியிலேயே தயாரிப்பாளர்கள் பலவற்றை ஏற்றி அனுப்புகிறார்கள். சுத்தம் செய்யும் வேலை மட்டும் காசு கொடுத்து வாங்கியவர் தலையில்.

ஒன்டிரைவ் மட்டும் வேறு கதை. அது கோப்புகளை இணையத்தில், அதாவது 'மேகத்தில்', நகலெடுத்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் செயலி. உங்கள் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் கோப்புகள் அதன்வழி மேகத்தில் சேர்கின்றன என்றால் அதை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நகலெடுப்பது நின்றுவிடும். இன்று சேமித்த கோப்பு கணினியில் மட்டுமே இருக்கும். நாளை காப்பி கொட்டிக் கணினி போனால் கோப்பும் போச்சு. கடிகாரத்துக்கு அருகே மேகச் சின்னம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் இதே சர்வீஸ் செய்துகொண்டு வந்த ஒரு பெரியவரின் கணினியைப் பார்த்தேன். ஏழு செயலிகளை டிசேபிள் செய்திருந்தார்கள், அவ்வளவுதான். கூடவே 'ஸ்பீட் பூஸ்டர்' ஒன்றை ஏற்றியிருந்தார்கள். அதுவே பட்டியலில் 'ஹை' என்று உட்கார்ந்திருந்தது! அவர் கேட்டு வாங்கியது வேகம். கிடைத்தது இன்னொரு சுமை. எனக்கு வயிறு எரிந்தது.

எனிடெஸ்க், டீம்வியூவர் போல வெளியிலிருந்து கணினியை இயக்கும் செயலி பட்டியலில் இருந்து, எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் டிசேபிள் போதாது, அடியோடு நீக்குங்கள். 'வங்கி அதிகாரி' என்று யாராவது தொலைபேசியில் பேசி ஏற்றவைத்திருந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு உடனே வங்கியை அழையுங்கள். மோசடியா என்று சந்தேகம் வந்தால் 1799 உதவி எண் இருக்கிறது.

இவ்வளவும் செய்து, ரீஸ்டார்ட் கொடுத்தும் வேகம் வரவில்லையா? அதே டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் டிஸ்க் என்ன வகை என்று பாருங்கள். 'எச்டிடி' (சுழலும் பழைய வகை) என்றிருந்தால் 'எஸ்எஸ்டி'யாக (வேகமான புது வகை) மாற்றக் காசு கொடுக்கலாம். பழைய டிஸ்க்கை மட்டும் கடையில் விட்டுவராதீர்கள். உங்கள் கோப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன.